இரண்டு பேருக்கு மேல் ஏறக் கூடாது

அன்பு மகனுக்கு,

நடந்தது அத்தனையும் நான் முன்கூட்டியே சொன்னதுதான். உன் கல்யாணத்துக்குள் உன் அப்பாவின் அந்த மோரிஸ் மைனர் கார் ஓடும் என்று சொன்னேன், ஓடியது. கல்யாணத்துக்குப் போகிற வழியில் வீரபாண்டி வருவதற்குள் நீயும் உன் அப்பாவும் பேசிவிடுவீர்கள் என்று சொன்னேன், பேசினீர்கள். நான் சொன்னது வீரபாண்டி இல்லை, தேனி என்று உன் சித்தி அடுப்படியிலிருந்து குரல் கொடுக்கிறாள். அவள் ஞாபகத்தை நம்பினால் நம் குடும்பத்தில் ஒரு கதைகூட உருப்படியாக மிஞ்சாது. எனக்கு இரண்டும் பெண்பிள்ளைகள். அண்ணன் மகன் என்றாலும் என் மகன் என்று சொல்லிக்கொள்ள இருப்பவன் நீ ஒருத்தன்தான். உன் அப்பா கடிதம் எழுதுகிற ஆள் இல்லை. கையெழுத்துப் போடுவதற்கே பேனாவை இரண்டு தடவை உதறிப் பார்ப்பவர். நான் அப்படியா? எட்டாம் வகுப்பு வரை போனவன், அதிலும் எட்டாம் வகுப்பில் முழுதாக ஆறு மாதம் உட்கார்ந்தவன். நீ மருமகளோடு புனேக்கு ரயில் ஏறி இன்றோடு பத்து நாள். ஊருக்குக் கிளம்புகிற மகனுக்கு ஒரு தகப்பன் நாலு நல்லது சொல்லி அனுப்ப வேண்டும். அன்றைக்கு ஸ்டேஷனில் பெட்டி ஏற்றுகிற அவசரத்தில் விட்டுப்போனதை இப்போது சொல்கிறேன்.

முதலில் நீ அறிந்ததையே சொல்கிறேன், ஏனென்றால் நீ அறிந்ததில் பாதி தப்பு. மூன்று வருஷத்துக்கு முன்னால், கல்லூரி விடுமுறைக்கு வந்த நீ அந்தக் காரில்தான் ஓட்டப் பழகினாய். பக்கத்து சீட்டில் வாத்தியார் நான். இரண்டு மாதம் கம்பத்துக்கும் காமயகவுண்டன்பட்டிக்கும் இடையில் நாம் ஓட்டாத நாள் கிடையாது. ஒரு நாள் நம் ஊர் பஸ் நிறுத்தத்துக்கு நேராகக் கார் நின்றது. கிளட்சை மிதித்தால் கியர் விழவில்லை, கரகரவென்று சத்தம் மட்டும் வந்தது. பின்னால் டவுன் பஸ் நின்று ஹாரன் அடிக்க, திராட்சைக்கூடைக்காரப் பெண்கள் எல்லாம் இறங்கி நின்று வேடிக்கை பார்த்தார்கள். கம்பத்து மெக்கானிக் வந்து எஞ்சினை இறக்கிப் பார்த்துவிட்டு, “யாரோ கிளட்ச் மேல கால வச்சுக்கிட்டே ஓட்டிருக்காக” என்றார். உன் அப்பா என்னைப் பார்த்தார். “ஏலே, நீதான பக்கத்துல உக்காந்து பழக்குன. கால வச்சானா?”

“ஆமாண்ணே. எத்தன தடவ சொன்னாலும் எடுக்கவே மாட்டான்” என்றேன்.

நீ சும்மா இருந்திருக்கலாம். “இந்த ஓட்ட வண்டிய எடைக்குப் போடுங்கப்பா, வேலைக்குப் போனதும் நானே புதுசா ஒண்ணு வாங்கித் தாரேன்” என்றாய். அவர் அந்தக் காரைத் துடைக்கிற துணியைத் தனியாகத் துவைத்துத் தனிக் கொடியில் காயப்போடுகிறவர். அன்றைக்கு விட்ட பேச்சுதான். அதற்குப் பிறகு மூன்று வருஷம் நீ எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே உன் அம்மாவிடம், “அவனச் சாப்பிடச் சொல்லு” என்றார். நீயும் லேசுப்பட்டவனா? “சாப்பிட்டாச்சுன்னு சொல்லும்மா” என்றாய். மதினி நடுவில் டெலிபோன் கம்பம் மாதிரி நின்றார். கல்யாணம் நிச்சயமாகி, பெண் தேவதானப்பட்டி என்று முடிவான பிறகும் அப்படித்தான். மகன் மணவறையில் உட்காரும்போதும் இந்த மனிதர் இப்படித்தான் நிற்பாரோ என்று மதினி என்னிடம் கேட்டார்.

அப்போதுதான் நீ போனில் ஒரு வார்த்தை சொன்னாய். “அந்தக் காரு ஓடியிருந்தா அதுலயே மாப்பிள்ளையாப் போயிருக்கலாம்ல சித்தப்பா.” சும்மா, பேச்சோடு பேச்சாகச் சொன்னாய். நான் அதைக் கொஞ்சம் இழுத்துவிட்டேன். உன் அப்பாவிடம் போய், “அந்தக் காரு ஓடலேன்னா கல்யாணமே வேணாங்கிறாண்ணே, கண்ணுல தண்ணி விட்டு அழுகுறான்” என்றேன். அவர் எழுந்து கொட்டகைக்குப் போனார். காரின் மேல் கிடந்த தார்ப்பாயை ஒரு பக்கம் தூக்கிப் பார்த்தார். நீலச் சாயம் அப்படியே பளபளத்தது. மூன்று வருஷமும் யாருக்கும் தெரியாமல் துடைத்திருக்கிறார். “கிளட்ச் கரி வளையம் கெடைக்குமாலே?” என்று கேட்டார். “கெடைக்குமாவா? ஒரு வாரம் பொறுங்க” என்றேன். கல்யாணத்துக்கு நாற்பது நாள் இருந்தது.

நீ மெஷின் படித்தவன், உனக்குத் தெரியும். மருமகளும் இதைப் படிப்பாள் என்பதால் சொல்கிறேன். கிளட்ச் என்பது மூன்று சாமான். ஒரு பிளேட், அதை அமுக்கிப் பிடிக்கிற பிரஷர் பிளேட், நாம் மிதிக்கும்போது அந்தப் பிடியைத் தள்ளி விடுகிற ஒரு வளையம். பிளேட்டுக்கு மதுரையில் புது லைனிங் ரிவிட் அடித்தாயிற்று. பிரஷர் பிளேட் நன்றாகவே இருந்தது. அந்த வளையம்தான் வில்லங்கம். இப்போதைய வண்டிகளில் அது குண்டு பேரிங். அந்தக் காலத்து மோரிஸில் அது கெட்டிக் கரி. இட்லி அளவு இரும்புக் கிண்ணத்தில் வைத்த கரி வளையம். அது இல்லாவிட்டால் முழுக் காரும் கோழி அடைகிற கூண்டுதான். தேனியில் நான் ஏறாத கடை இல்லை, நாற்பத்தேழு கடை. ஏழு என்கிறாள் உன் சித்தி. கடைக்காரர் ஒருத்தர் என்னை உட்காரவைத்துக் காப்பி வாங்கிக் கொடுத்துவிட்டு, “மாமா, இந்தச் சாமானக் கேட்டு என் கடைக்கு ஓராள் வந்தாருன்னு நான் நாலு பேரு கிட்டச் சொல்லிக்கிறேன், அதுக்குத்தான் காப்பி” என்றார். ஒரு பட்டறைக்காரர் பித்தளையில் கடைந்து தருவதாகச் சொன்னார். அதைப் போட்டால் பன்றி கத்துகிற மாதிரிச் சத்தம் வரும் என்று அவரே சொல்லிவிட்டார், யோக்கியமான மனிதர்.

மதுரைக்குப் போனபோதுதான் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். பழைய வளையத்தை உன் அப்பா செய்தித்தாளில் சுற்றி அலமாரியில் வைத்திருந்தார். சாமான் வாங்கப் போகிறவன் பழைய சாமானைக் கையோடு கொண்டு போவான். இது சைக்கிளுக்கு வால்டியூப் வாங்கப் போகிறவனுக்கும் தெரிந்த முறை. நான் கொண்டு போகவில்லை. உன் கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் அந்த வளையத்தை வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து, வெறும் படத்தை எடுத்துக்கொண்டு போனேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன். படத்தில் வட்டம் தெரியும், கனம் தெரியுமா? பழைய சாமான் விற்கிற சந்தில் ஒருவர் படத்தைப் பார்த்து ஒரு வளையத்தை எடுத்து வைத்தார், வட்டம் கச்சிதமாகப் பொருந்தியது. நானும் வெற்றி வீரனாக வந்து இறங்கினேன். உன் அப்பா வாங்கிப் பார்த்தார், விரலை உள்ளே விட்டார், என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். “இது லாரிச் சாமான். சாம்பிள் கொண்டு போகாம எவனாச்சும் கடைக்குப் போவானாலே?” மகனே, இதை எழுதிவைத்துக்கொள். மருமகளுக்கு என்ன கோபம் என்று தெரிய வேண்டுமானால் உன் சிநேகிதனிடம் போய்ப் படம் வரைந்து காட்டி யோசனை கேட்காதே. நேராக அவளிடமே போய் நின்று கேள். வெறும் படத்தை நம்பி வாங்கி வருகிற சமாதானம் லாரிச் சாமான் மாதிரிதான், நம் வண்டியில் உட்காராது.

இருபது நாள் போய்விட்டது. கடைசியில் குமுளிக்கு மேலே, வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரைப் பற்றி எனக்குத் தகவல் வந்தது. எப்படி வந்தது என்றால், என் ஜீப்பை ஒரு யானை மறித்து நின்றபோது… சரி, யானை வேண்டாம். டீக்கடையில் சொன்னார்கள். வர்க்கிச் சேட்டன் என்று பெயர், எழுபது வயது தாண்டியவர். அந்தத் தோட்டத்தில் ஒரு காலத்தில் மூன்று மைனர் கார் இருந்ததாம். இந்தத் தடவை பழைய வளையத்தை உன் அப்பாவே என் சட்டைப் பையில் போட்டுப் பித்தானையும் மாட்டி அனுப்பினார். சேட்டன் அதை வாங்கி, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, கட்டைவிரலால் ஒரு சுற்று தடவினார். உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டு வந்தார். எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, பத்திரமாக இரண்டு புதுக் கரி வளையம்! எனக்கு அவரைத் தூக்கிச் சுற்றலாம் போல இருந்தது. எவ்வளவு என்று கேட்டேன். “கையில தரில்லா. ஞான் வந்நு இடும்” என்றார். கையில் தர மாட்டாராம், அவரே வந்து மாட்டுவாராம். முன்னால் ஒருத்தருக்குக் கொடுத்தாராம், அந்த மனிதர் சுத்தியலால் தட்டி மாட்டிக் கரியை உடைத்துவிட்டாராம். அதிலிருந்து அப்படி ஒரு வைராக்கியம்.

குமுளி மலை இறக்கத்தில் என் ஜீப்பில் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தேன். நான் யானைக் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் கதையையும் கேட்கவில்லை, மலையையும் பார்க்கவில்லை. குனிந்து என் இடது காலையே பார்த்துக்கொண்டு வந்தார். லோயர்கேம்ப் வந்ததும், “நிங்கடெ எடத்தெ காலு எப்பவும் அவிடெத் தன்னெயோ?” என்று கேட்டார். இடது கால் எப்போதும் அங்கேயே, கிளட்ச் மேலேதானா என்று. நான் காலை எடுத்துக்கொண்டேன்.

நம் தோட்டத்துப் புளியமரக் கிளையில் செயின் பிளாக் போட்டு எஞ்சினைத் தூக்கினோம். எஞ்சின் அந்தரத்தில் தொங்குகிறது. கீழே சேட்டனும் உன் அப்பாவும் நானும். பழைய வளையத்தையும் புது வளையத்தையும் இரண்டு உள்ளங்கையில் வைத்து உன் அப்பாவிடம் நீட்டினார் சேட்டன். புதியது அரை இட்லி உயரம். பழையது ஒரு பக்கம் அப்பளம் மாதிரி. மகன் இரண்டு மாதத்தில் தேய்த்துவிட்டான் என்று உன் அப்பா அவரிடம் முன்பே சொல்லியிருந்தார். “இது ரெண்டு மாசத்தெ பணியல்ல. பத்து கொல்லம் தேஞ்சது” என்றார். கொல்லம் என்றால் வருஷம் என்று உன் அப்பாவுக்குத் தெரியும். “எம் மகன் ஓட்டுனதே ரெண்டு மாசந்தானே” என்றார். அதற்கு முன்னால் பத்து வருஷம் வாரம் தவறாமல் அந்தக் காரைத் திராட்சை பேரம் பேச எடுத்துக்கொண்டு போனது யார்? படம் வரைந்துகொண்டு மதுரைக்குப் போனது ஏன் என்று இப்போது உனக்குப் புரிந்திருக்கும். அந்த வளையத்தைத் தொழில் தெரிந்தவன் எவன் பார்த்தாலும் என் காலைத்தான் பார்ப்பான் என்று எனக்குத் தெரியும்.

“நான்தாண்ணே” என்றேன்.

“அன்னைக்கு ஏன்லே அவன்னு சொன்ன?”

“நீங்க அப்படிப் பாத்தீக. பயந்துட்டேன்.”

மகனே, அவர் திட்டியிருந்தால் நான் இரண்டு மடங்காகத் திரும்பச் சொல்லியிருப்பேன். திட்டவில்லை. கையில் இருந்த கிரீஸை ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். கழற்றி வைத்திருந்த பானெட் பக்கத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்தார். “மூணு வருசம் எம் மகன் கிட்டப் பேசாம இருந்துட்டேனேலே” என்றார். சேட்டன் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார், மேலே பார்த்தார். “எஞ்சின் தூங்கி நிக்குன்னு. கரச்சில் பின்னெ ஆவாம்” என்றார். எஞ்சின் தொங்கிக்கொண்டு நிற்கிறது, அழுகையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று. உன் அப்பா சிரித்துவிட்டார். மூன்று பேரும் சேர்ந்து வேலையைப் பார்த்தோம்.

நான் உன் வாழ்க்கையில் பங்கம் செய்தவன், அதனால் எனக்குப் புத்தி சொல்ல உரிமை உண்டு. மிதித்தால் முழுக்க மிதி, எடுத்தால் முழுக்க எடு. பாதி மிதித்தபடியே போவதுதான் தேய்த்துவிடும். நீயும் உன் அப்பாவும் செய்ததும் அதுதான். ஒரு நாள் நன்றாகச் சண்டை போட்டிருந்தால் மறுநாள் சரியாகியிருக்கும். நீங்கள் சண்டையும் போடவில்லை, விடவும் இல்லை. மருமகளோடு சண்டை வந்தால் சத்தமாகப் போடு. பிறகு காலை எடுத்துவிடு.

கார் ஓடியது. ஆனால் உன் அப்பா கிடந்து தவித்தார். “கல்யாண வீட்ல எந்நேரமும் ஆளுக. அவன் கிட்ட என்னன்னுலே ஆரம்பிக்கிறது?” என்று என்னிடமே கேட்டார். சேட்டனைக் கம்பத்தில் குமுளி பஸ் ஏற்றிவிட்டு நான் திரும்பி வந்தபோது வாசலில் ஒரே கூட்டம், யார் யார் மாப்பிள்ளைக் காரில் ஏறுவது என்று. நான் நடுவில் போய் நின்று சேட்டன் பஸ் படியில் நின்று சொல்லிவிட்டுப் போனதை அறிவித்தேன். புதுக் கரி வளையம் இடத்தில் படிய வேண்டும். முதல் ஐந்நூறு கிலோமீட்டருக்கு இரண்டு பேருக்கு மேல் ஏறக் கூடாது. மூன்றாவது ஆள் ஏறினால் கரி விண்டுபோகும். உன் அத்தை, என் அக்கா, சண்டைக்கே வந்துவிட்டார். “ஏலே, மாப்பிள்ளைக்கு அத்தை நான். நான் எங்கன உக்கார்றது?”

“வேன்லக்கா.”

“ஒரு கரித்துண்டுக்கு இருக்குற மரியாத எனக்கு இல்லையா?”

உன் தாய்மாமன் முன் சீட்டில் உட்காரவென்றே புதுக் கறுப்புக் கண்ணாடி வாங்கி வைத்திருந்தார். அவரையும் வேனில் ஏற்றினேன். ஓட்டுவதற்கு உன் அப்பா, பக்கத்தில் மாலையோடு நீ. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, நசுக்கிக்கொண்டு கிளம்பினீர்கள். வேனில் முன் சீட்டில் நான். உங்கள் காரின் பின்கண்ணாடியில் இரண்டு தலைகள் தெரிந்தன. உத்தமபாளையம் வரை இரண்டும் அசையவில்லை, பொம்மைக்கடை மாதிரி. “பேசுறாகளாப்பா?” என்று பின்னால் இருந்து உன் அம்மா கேட்டார். “பேசுறாக மதினி, நிறுத்தாமப் பேசுறாக” என்றேன். சின்னமனூரில் உன் தலை ஜன்னல் பக்கம் திரும்பியது. எனக்குச் சப்பென்று போய்விட்டது. வீரபாண்டிக்கு முன்னால், வயலோரத்தில், கார் மெதுவாக ஓரம் கட்டி நின்றது. வேனில் அத்தனை பேரும், “கிளட்ச் போச்சு!” என்று கத்தினார்கள். “நான் ஏறாமலே போயிருச்சே” என்றார் அக்கா. நான் இறங்கக் கதவைத் திறந்தேன், அதற்குள் உன் அப்பா கார்க் கதவைத் திறந்து இறங்கினார். அந்தப் பக்கம் நீ இறங்கினாய், பட்டு வேட்டியோடு. பானெட்டுக்கு முன்னால் இரண்டு பேரும் எதிரெதிரே நின்றீர்கள். என்ன பேசினீர்கள் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. கேட்காத கதையைச் சொல்லாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். பிறகு அவர் உன் கழுத்து மாலையைக் கழற்றினார். மாலையோடு ஸ்டியரிங் பிடிக்க முடியாது அல்லவா? சாவியை உன் கையில் கொடுத்துவிட்டு, மாலையோடு போய்ப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். உன் அம்மா வேனுக்குள்ளேயே கை கூப்பினார். உன் மாமன் புதுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

தேனி ரயில்வே கேட் போடி ரயிலுக்காக மூடியிருந்தது. வேன் உங்கள் பக்கத்தில் வந்து நின்றபோதுதான் காதால் கேட்டேன். “ஏலே, கால எடு.” “எடுத்துட்டேம்ப்பா, குனிஞ்சு பாருங்க.” “இப்ப எடுத்த. அதுக்கு முந்தி?” “நான் சித்தப்பா இல்லப்பா.” இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தீர்கள். இருபத்திரண்டு பேர் உட்கார்ந்த வேனில் என் மானம் போயிற்று. போனால் போகட்டும் என்று நானும் சிரித்தேன். தேவதானப்பட்டி வாசலில் என்ன ஆயிற்று? உன் அப்பா மாலையை மடியில் வைத்தால் கசங்கும் என்று தன் கழுத்திலேயே போட்டிருந்தார். பெண் வீட்டார் ஆரத்தித் தட்டோடு நேராக அவர் பக்கம் போய்க் கதவைத் திறந்து, நரைத்த மாப்பிள்ளையைப் பார்த்துத் திகைத்து நின்றார்கள். “மாப்பிள்ள எங்கன?” என்று ஒரு ஆத்தா கேட்டதும், “டிரைவர்தான் மாப்பிள்ள” என்றார் உன் அப்பா. அந்த மனிதர் நாலு பேர் நடுவில் ஒரு வேடிக்கைப் பேச்சுப் பேசி நான் பார்த்ததே இல்லை.

திரும்பும்போது நீயும் மருமகளும் மட்டும் அதே காரில் வந்தீர்கள். இப்போது தினமும் சாயங்காலம் உன் அப்பாவும் அம்மாவும் கிளம்பிவிடுகிறார்கள், ஐந்நூறு கிலோமீட்டரை ஓட்டி முடிக்க வேண்டுமாம். ஒரு நாள் சுருளிப்பட்டி, ஒரு நாள் கூடலூர். மதினி முன் சீட்டில், தலையில் பூ வைத்துக்கொண்டு. எவ்வளவு ஓடியது என்று உன் அப்பா ஒரு காகிதத் துண்டில் குறித்து ஸ்டியரிங் பக்கத்தில் சொருகியிருக்கிறார். வளையம் தேடி மலையேறிய நான் இன்னும் அந்தக் காரில் ஒரு தடவைகூட ஏறவில்லை. நேற்று பின் கதவில் கை வைத்தேன். “ரெண்டு பேருக்கு மேல கூடாதுலே, நீதான சொன்ன” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதனால் உனக்கு மட்டும் சொல்கிறேன். வர்க்கிச் சேட்டன் பஸ் படியில் நின்று ஒன்று சொன்னது நிஜம். “ஆறாளெ கேற்றிக்கோ, ஒந்நும் பேடிக்கண்டா” என்றார். ஆறு பேரை ஏற்றிக்கொள், ஒன்றும் பயப்பட வேண்டாம் என்று. இரண்டு என்பது, பஸ் நிலையத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் நானே போட்ட கணக்கு. உன் அப்பாவிடம் சொல்லிவிடாதே. இன்னும் நூற்றெண்பது கிலோமீட்டர் பாக்கி இருக்கிறது.

உன் சித்தப்பா